குடும்பத்துக்கு மட்டும்

காலை ஐந்தரைக்கு எழுவேன். அறையில் ஆறு பேர். மூன்று பேர் எழுந்தால்தான் நைட் ஷிப்ட் முடித்து வரும் மூன்று பேர் படுக்க முடியும். பாயைச் சுருட்ட மாட்டேன். அதிலேயே ஒருவர் படுத்துக்கொள்வார். உப்புத் தண்ணீரில் குளியல். சோப்பு நுரைக்காது. மெஸ்ஸில் நான்கு இட்லி. எட்டரைக்குக் கம்பெனி கேட்டில் கார்டு பஞ்ச் செய்வேன். பிறகு பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ். எத்தனை பெட்டி, ஒரு பெட்டியில் எத்தனை பனியன், எந்தத் துறைமுகம். இதற்கு பி.காம். தேவையில்லை. படித்திருந்ததால் நாற்காலி கொடுத்தார்கள்.

இப்படி எட்டு மாதம் போனது. அதற்கு முன் உசிலம்பட்டியில் இருந்தோம். என் மனைவி பாண்டியம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்தாள். இருபத்து நான்கு வயது. காரியம் முடிந்த மறுவாரம் நான் திருப்பூருக்கு பஸ் ஏறினேன். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தேன். அவளுக்கு இப்போது ஐந்து முடியப்போகிறது.

தொண்ணூற்றிரண்டு ஏப்ரல் கடைசியில் மாமியாரிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. யாரையோ எழுதச் சொல்லியிருந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் மாப்பிள்ளை வீடு பார்த்தால் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறேன். இல்லாவிட்டால் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். சேர்த்த பிறகு நடுவில் பிடுங்க வேண்டாம். இவ்வளவுதான். கீழே கைரேகை வைத்திருந்தார், பத்திரத்துக்கு வைப்பது போல.

மே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் ஐந்து. நான்கு ஞாயிறு வீடு பார்க்கப் போனேன்.

முதலில் வீரபாண்டி. கம்பெனிக்குப் பக்கம். சாயப்பட்டறை வாசனை இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றார்கள். ஒரே கூரையின் கீழ் ஒன்பது வீடுகள். அதில் ஒன்று காலி. கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது: வீடு வாடகைக்கு, குடும்பத்துக்கு மட்டும். உரிமையாளர் பெயர் சென்னியப்பன். வாசலில் பைப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“எத்தன டிக்கெட்டுங்க?” என்றார்.

“ரெண்டுங்க. நானும் மகளும்.”

“ஊட்டுக்காரம்மா?”

“இல்லைங்க.”

“ஊருக்குப் போயிருக்காங்களா?”

“இறந்துட்டாங்க.”

அவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகுதான் பேசினார்.

“பாவமுங்க. தப்பா நெனைக்காதீங்க. லைன்ல எட்டுக் குடும்பம் இருக்குது. ஆம்பளைங்க கம்பெனிக்குப் போயிட்டா எல்லாம் பொம்பளைங்கதான். நீங்களும் சின்ன வயசாட்டம் இருக்கறீங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரு கண்ணாலத்தப் பண்ணிக்கிட்டு வாங்க. ஊடு அப்பவும் காலியா இருந்தா உங்களுக்குத்தான்” என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு உடுமலைப்பேட்டை போனேன். வீடு நன்றாக இருந்தது. பின்னால் தென்னை மரங்கள். தண்ணீர் இனித்தது. இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தேன். வாடகை வீரபாண்டியில் சொன்னதில் பாதி. ஆனால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். காலையில் மகள் எழுவதற்கு முன் கிளம்ப வேண்டும். அவள் தூங்கிய பிறகு திரும்ப வேண்டும். தூங்குகிற பிள்ளையைப் பார்க்க உசிலம்பட்டிக்கே போகலாம்.

மூன்றாவது, குண்டடம். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. “சாவிய இப்பவே வாங்கிக்கறீங்களா?” என்றார்கள். வீட்டைச் சுற்றிச் சோளக்காடு. பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் கம்பெனியில் வேலை முடிவதற்கு முன்பே எழ வேண்டும். ஒரு ஊர் ஏன் மலிவாக இருக்கிறது என்று அரை மணி நேரம் நின்று பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டவர் காசிமாயன் அண்ணன். எங்கள் ஊர்ப் பக்கம். திங்கட்கிழமை டீ நேரத்தில் கேட்டார்.

“என்ன தம்பி, குண்டடமும் குண்டக்க மண்டக்கவா போச்சா?”

“ஆமாண்ணே.”

“நீ படிச்சவன். ஒனக்குப் பொய் வர மாட்டேங்குது, அதான் வீடும் வர மாட்டேங்குது. பேமிலி ஊர்ல இருக்கு, பின்னாடி வருதுன்னு சொல்லு. அட்வான்ஸ வாங்கிப் பொட்டியில வச்சுப்புட்டா எவனும் திருப்பித் தர மாட்டான்.”

“அப்புறம் கேட்டா?”

“அப்புறத்துக்கு அப்புறம் பாப்போம். வடைய எடுத்துக்க.”

நான்காவது ஞாயிறு பல்லடம் போனேன். திருப்பூரிலிருந்து முக்கால் மணி நேரம். ஒரு காம்பவுண்டுக்குள் நான்கு வீடுகள். ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் புறம் தறிக்குடோன். பகலும் இரவும் தறி ஓடும். வாடகை குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம். வீட்டுக்காரப் பெண்மணி ராமாத்தாள். அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, ரவிக்கை இல்லை. முன்வீட்டில் தனியாக இருந்தார்.

“சத்தத்தப் பாத்து பயந்துக்காதீங்க. மொத மூணு நாளைக்குத்தான் தூக்கம் வராது. அப்பறம் கரண்டு போனாத்தான் முழிப்பு வரும்” என்றார்.

பள்ளிக்கூடம் அடுத்த தெரு. மணி அடித்தால் காம்பவுண்டுக்குள் கேட்கும் என்றார், தறி நின்றிருந்தால்.

“பொம்பளையாளு எப்பங்க வர்றாங்க?”

“வர்ற வெள்ளிக்கிழமைங்க” என்றேன்.

அது தானாக வந்தது. யோசித்திருந்தால் ஞாயிறு என்றிருப்பேன். எனக்கு லீவு அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை என்றதும் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நல்ல நாள், அன்றைக்கே பால் காய்ச்சிவிடலாம் என்றார். குடி வருகிற பெண் வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்து, அவள் கையால் அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்க வேண்டும். அந்தக் காம்பவுண்டில் அது இல்லாமல் யாரும் குடிவந்ததில்லை. “பாலு நான் வாங்கி வெச்சர்றேன். தட்டு மட்டும் பக்கத்தூட்டு வேலாத்தாளக் குடுக்கச் சொல்றேங்க. நான் குடுக்கக் கூடாது பாருங்க” என்று சேலைத் தலைப்பைத் தொட்டுக் காட்டினார்.

அட்வான்ஸைக் கொடுத்தேன். அவர் எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு சொன்னேன். காலை ஏழு மணிக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் மாமியார் ஒச்சாயி என் மகளோடு இறங்கினார். மகளுக்குப் பஸ்ஸில் வாந்தி. முகம் கழுவிவிட்டேன். அவள் என்னைத் தெரியும் என்பது போலப் பார்த்தாள். அத்தையின் கையில் பிள்ளையின் துணி இருந்த ஒயர் கூடை. நான் வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

“மொதல்ல வீட்டப் பாப்போம் மாப்ள” என்றார்.

காம்பவுண்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. வேலாத்தாள் தட்டோடு நின்றார். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துணி. எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

“ஊட்டுக்காரம்மா பின்னால வர்றாங்களா?”

மகள்தான் பதில் சொன்னாள்.

“எங்கம்மா செத்துப்போச்சு.”

யார் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்வாள். பெயர் கேட்டால் பெயர் சொல்வது மாதிரி.

ராமாத்தாள் படியில் நின்றிருந்தார். “எப்பங்க?” என்றார்.

“எட்டு மாசம் ஆச்சுங்க.”

“அப்பறம் வெள்ளிக்கெழம வருவாங்கன்னீங்க?”

“பொய் சொன்னேங்க.”

“ஆருகிட்ட, எங்கிட்டயா?” அவர் குனிந்து தன் சேலையைப் பார்த்தார். “ஏனுங்க, இந்தச் சீலையப் பாத்துமா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று அவர் முன் இருபது நிமிடம் நின்றிருக்கிறேன். தோன்றவில்லை.

“எம்மக உசுரோட இருக்கான்னு சொல்லியா மாப்ள வீடு பிடிச்சீக?” என்றார் அத்தை.

தறிச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசினோம். அதனால் யாருக்கு எவ்வளவு கோபம் என்று தெரியவில்லை.

“அடுப்புல பருப்பு கெடக்குதுங்கக்கா” என்று வேலாத்தாள் தட்டோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாசலில் பால் காய்ச்சத் தகுந்த ஆள் ஒருவரும் இல்லை. அத்தைக்குப் புருஷன் இறந்து பத்து வருஷம். ராமாத்தாளுக்கு அதைவிட அதிகம். நான். ஐந்து வயதுப் பெண். சொம்பில் பால் இருந்தது. ராமாத்தாள் அதை மோந்து பார்த்தார்.

“வாங்கி ஒரு மணி நேரமாச்சு. இந்த வெய்யிலுக்குத் திரிஞ்சு போயிரும். ஆராவது பத்த வைங்க.”

“யாரு பத்த வைக்கிறது?” என்றார் அத்தை.

“தீப்பெட்டி ஆருகிட்ட இருக்குதோ அவிய.”

தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே போனேன். எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று நினைவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாத்திரத்தை வைத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பால் பொங்கித் திரியில் வழிந்து அடுப்பு அணைந்தது.

வெளியிலிருந்து ராமாத்தாள் கேட்டார். “கெழக்கால பொங்குச்சுங்களா?”

“எல்லாப் பக்கமும் பொங்குச்சுங்க.”

“செரி, உடுங்க.”

ஆறிய பாலை நான்கு தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தேன். படியில் உட்கார்ந்து குடித்தோம். தீய்ந்த வாசனை அடித்தது.

“நீங்க கம்பெனிக்குப் போயிட்டா அம்முணிய ஆரு பாக்கறது?” என்றார் ராமாத்தாள்.

அதை வீடு கிடைத்த பிறகு யோசிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

“பள்ளிக்கூடம் நாலு மணிக்கு உடுவாங்க. நீங்க வர்ற வரைக்கும் இங்கெயே வெளையாடட்டும். நான் எங்க போறேன், இங்கதான கெடக்கறேன். சமையலு கிமையலு எல்லாம் என்னால ஆகாது, இப்பவே சொல்லிப் போட்டேன்.” தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு குரலை இறக்கி, “போறப்ப புள்ளையப் பத்தி எதாச்சும் சொல்லிச்சுங்களா அந்தப் பொண்ணு?” என்றார்.

“சொன்னா” என்றார் அத்தை. கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். “எம்புள்ளய நீயே வச்சுக்கம்மான்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா. நான் இவுகளுக்காகத்தான் கொண்டாந்தேன். பாத்துட்டேன். மதியம் ரெண்டு மணிக்குப் பஸ் இருக்கு.”

ஊரில் எல்லோரிடமும் அத்தை அப்படித்தான் சொல்லியிருந்தார். நான் மறுத்ததில்லை. அது அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“அப்பிடீங்களா?” என்று ராமாத்தாள் என்னைப் பார்த்தார்.

ஆமாம் என்று சொன்னால் போதும். கூடை மறுபடி பஸ் ஏறிவிடும். மகள் அதன் பின்னால் போவாள். நான் ஆறு பேர் அறைக்குப் போவேன். அது சுலபம்தான்.

“இல்லைங்கம்மா” என்றேன்.

பாண்டியம்மாள் கடைசியாகப் பேசியபோது அத்தை ஆஸ்பத்திரி வார்டில் இல்லை. கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். திரும்பி வரும்போது பாண்டியம்மாளுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் வரை மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. அவள் பேசியபோது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அவள் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. யாரிடம் வளர வேண்டும், எந்த ஊரில் இருக்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் தறிக்கு மேல் கத்திச் சொன்னேன்.

ராமாத்தாள் எழுந்து தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் போன பிறகு அத்தை கூடையைப் படியில் வைத்தார். மகள் அதைத் திறந்து தன் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மணி பஸ்ஸுக்கு அத்தையோடு போனேன். கையில் எதுவும் இல்லாமல் அவர் நடந்தது வேறு யாரோ நடப்பது போல இருந்தது. பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அப்ப என்னதான் மாப்ள சொன்னா?”

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“தலகாணியத் திருப்பிப் போடுங்க. இந்தப் பக்கம் சுடுது.”