கதவில் பூசிய மிசோ

ஜப்பானின் எடோ நகரத்தில் யாரும் வயதை வருஷத்தில் சொல்வதில்லை. கோயில் தீக்கு முந்தின வருஷம் பிறந்தவன், பாலத்தடித் தீக்கு மறுமாதம் கட்டிக்கொண்டு வந்தவள் என்றுதான் பேச்சு. அந்தக் கணக்கில் அடகுக்கடை நடத்தும் விதவை ஒசுமிக்கு இது நான்காவது தீ. முதல் தீயில் சாமியைத் திட்டித் தீர்த்தவள், இந்தத் தடவை சாம்பலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். திட்டவும் தெம்பு வேண்டுமே.

தெருவே தரைமட்டம். நின்றது அவளுடைய மண்கிடங்கு ஒன்றுதான். கனத்த சுவர், ஓட்டுக் கூரை, இரட்டைக் கதவு. பின்சந்துக் குடித்தனக்காரர்கள் அடகு வைத்த மெத்தைகள், பஞ்சு வைத்த அங்கிகள், தச்சன் கென்பாச்சியின் இழைப்புளி எல்லாம் அதற்குள் இருந்தன. அந்த ஜனங்களுக்கு மிச்சமிருந்த சொத்தே அவ்வளவுதான். வாடைக்காற்றில் நடுங்கியபடி எல்லோரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் திறக்கக் கூடாது. சுவர் ஆறுவதற்கு முன்னால் ஓர் இடுக்கில் காற்றுப் புகுந்தாலும், உள்ளே வெந்து கிடக்கும் துணி குபீரென்று பற்றிக்கொள்ளும். போன தீயில் அவள் மாமனார் அவசரப்பட்டுத் திறந்து, ஊரார் உடைமையை ஊரார் கண்முன்னாலேயே கொளுத்திவிட்டார். எடோவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

தெரிந்து என்ன செய்வது? நேற்று கதவிடுக்கை அடைக்கக் கொத்தனார் கொண்டுவந்த களிமண் பாதியிலேயே தீர்ந்துபோயிற்று. நெருப்போ தெருமுனைக்கு வந்துவிட்டது. ஒசுமி சமையற்கட்டிலிருந்து மிசோ பீப்பாயை உருட்டிவந்து, அந்தப் புளித்த சோயா விழுதை இரண்டு கையாலும் வாரி இடுக்கெல்லாம் அப்பிவிட்டு ஓடினாள். ஆபத்துக்கு எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுதான். கிடங்கு தப்பியது. இப்போது அந்த மிசோ பதமாக வெந்து தெரு முழுக்க மணத்தது. நேற்றிலிருந்து யார் வயிற்றிலும் ஒன்றுமில்லை. அரசாங்கக் கஞ்சிக் கொட்டகை வரும், பெரிய மனிதர்கள் சாவகாசமாகக் கூடிப் பேசி முடித்த பிறகு.

"அக்கா, ஓரத்துல ஒரு விரல் வழிச்சுக்கறேனே," என்றாள் கென்பாச்சியின் மனைவி ஒரேன். அவள் முதுகில் கட்டியிருந்த பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"உன் மெத்தையும் உள்ளதான்டி இருக்கு."

"மெத்தையக் கடிச்சுத் தின்ன முடியுமா?"

"சுவர் ஆறட்டும். மெத்தைய எடுத்துட்டு அப்புறம் கதவையே நக்கு. இப்ப கைய வைக்காத."

"வாடி இங்க," என்றான் கென்பாச்சி. "மோந்து பார்த்ததுக்கு அந்தம்மா வட்டி போடாம விட்டாப் போதும்."

அந்தக் களைப்பிலும் நாலு பேர் சிரித்தார்கள். ஒருவரும் கதவை நெருங்கவில்லை. கைநீளம் என்று பேர் வாங்கிய யாசுகேகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எரியாத பலகை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கக் கூட்டமாகக் கால்வாய்ப் பக்கம் போனார்கள்.

ஒசுமி கதவடியில் தனியாக இருந்தாள். கண் சொக்கியது. மணம் பிடரிக்குப் பின்னாலேயே நின்றது. சூடு இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். விரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒட்டியதை என்ன செய்வது, நக்கினாள். உப்பும் புகையும் லேசான இனிப்புமாக அது தொண்டையில் இறங்கியபோது உடம்பே தளர்ந்துபோயிற்று. கீழ்மூலையில் இன்னும் துளி. அப்புறம் இன்னும் துளி. எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. குழியில் ஈரச் சாம்பலைத் திணித்து மூடிவிட்டு, சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

கூச்சல் கேட்டு எழுந்தாள். யாரோ அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த சாம்பல் உதிர்ந்து, கீழ்மூலை வாயைத் திறந்து காற்றை இழுத்தது. உள்ளே ஹோவென்று இரைச்சல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரை ஓடுகள் வெடித்தன. கிட்டே போக முடியவில்லை. மெத்தை, அங்கி, இழைப்புளி எல்லாம் போயிற்று.

"நீதானடா வழிச்ச?" கென்பாச்சி யாசுகேயின் கழுத்தைப் பிடித்தான்.

"நான் இல்லண்ணே! உன்கூடத்தானே வந்தேன்..."

"நடுவுல எங்கடா போன?"

கூட்டம் நெருங்கியது. ஒசுமி சும்மா இருந்தாலே போதும். யாசுகே தின்றான் என்றால் நம்பாதவர் அந்தச் சந்தில் கிடையாது. சும்மா இருக்கத்தான் அவளும் நினைத்தாள். ஆனால் அந்தப் பாவத்தையும் சுமந்துகொண்டு இன்னொரு வீடு கட்ட அவளால் ஆகாது.

"அவன விடு," என்றாள். "தின்னது நான்."

அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். விழவில்லை. கென்பாச்சி கையை எடுத்துவிட்டு, எரிவதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவமானத்தில் ஒசுமிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருவராவது காறித் துப்பியிருந்தால் தேவலை.

ஒரேன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகுப் பிள்ளையை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சுடி. ரொம்ப நல்லா இருந்துச்சு."

ஒரேன் ஒசுமியின் கையை இழுத்துப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் மிசோ ஒட்டியிருந்தது. அந்த விரலை அப்படியே பிள்ளையின் வாயில் வைத்தாள்.