சோபாவுக்குள் இருந்த காரணம்

ஊரிலுள்ள சோபாவுக்கெல்லாம் உறை மாற்றித் தைக்கிறவர் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டு சோபா மட்டும் ஓரம் கிழிந்து பஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். கேட்டால் "நாளைக்குத் தைக்கறேன்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த நாளை வந்தபாடில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே ஊசியும் நூலுமாக அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இதைத் தச்சு வச்சுடறேன். நான் போனப்புறம் நீ யார்கிட்டப் போய் நிப்பே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, போய்ப் படுங்கள் என்று விரட்டினேன்.

அவருக்கு இளவயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை என்று பல வருஷமாக அடங்கிக் கிடந்தது. போன மாதம் கடையில் வெட்டிக்கொண்டிருந்த துணி மேலேயே விழுந்தவருக்கு வலிப்பு நிற்கவே இல்லை. ஆம்புலன்ஸிலும் நிற்கவில்லை. கடைசியில் தூக்க மருந்து ஏற்றித்தான் நிறுத்தினார்கள். அவர் கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

டாக்டரம்மா ஒளிக்காமல் பேசுகிறவர். "வந்தன்னைக்கு வயசு, வலிப்போட தீவிரம் எல்லாம் பார்த்து ஒரு மார்க் போடுவோம். பிழைச்சு வீட்டுக்குப் போவார்னுதான் அது சொல்லுச்சு. ஆனா அது ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். வர்ற வருஷங்களைப் பத்திச் சொல்லணும்னா, வலிப்பு ஏன் இவ்வளவு நேரம் நீடிச்சுதுன்னு தெரியணும். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. உள்ள ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும். மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"ஒரு வேளை தவறினதில்ல டாக்டர். நானே கையில குடுப்பேன்," என்றேன் பெருமையாக. இவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தொண்டை வறட்சி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வந்தவுடன் அதே மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டதால், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தும் வீட்டில் போட்டாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றார் டாக்டரம்மா.

"ஏன் என்று தெரியவில்லை" என்பதை இவர் "நாள் அதிகமில்லை" என்று எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் தியேட்டர்காரர் வந்தார், முந்நூறு சீட்டுக்கும் புது உறை போட வேண்டும் என்று. சினிமாவுக்குப் போனால் திரையைப் பார்க்காமல் சீட்டுத் தையலைத் தடவிப் பார்க்கிற மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால், "ரெண்டு வருஷ வேலைங்க. பாதியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க? வேற ஆளைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். மனசு மாறினால் ஃபோன் பண்ணச் சொல்லிவிட்டுப் போனார் அவர். நான் சமையலறையில் நின்று பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினேன்.

அந்தக் கோபத்தோடுதான் சோபாவைத் தைக்க உட்கார்ந்தேன். பிதுங்கிய பஞ்சை உள்ளே தள்ளக் கையை விட்டால், ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தேன், மாத்திரை. இன்னொன்று. பிறகு கை நிறைய. மாதக்கணக்கில் நான் வேளை தவறாமல் கொடுத்ததெல்லாம் அங்கே பத்திரமாக இருந்தது.

"என்னங்க, இங்க வாங்க. இது என்ன?"

"மாத்திரை," என்றார், முழி பிதுங்க.

"அது எனக்கும் தெரியுது. வலிப்பு சோபாவுக்கா?"

அசடு வழிந்தார். "அதைப் போட்டா கை நடுங்குது. தையல் கோணிக்கிட்டுப் போகுது. அதான் வாயில அதக்கி வச்சு இதுல... நாலு மாசம் ஒண்ணும் ஆகல. அதனால இதுதான் காரணம்னு எனக்குத் தோணல."

இப்போது மட்டும் என்ன, பயந்துபோய் ஒழுங்காகப் போடுகிறார், கையும் நடுங்குகிறது. நான்தான் அதை நோயின் பலவீனம் என்று நினைத்திருந்தேன்.

"டாக்டர் கேட்டாங்களே, அப்ப சொல்றதுக்கென்ன?"

"நீதான் பதில் சொல்லிட்டியே. அதுக்கப்புறம் உன் முன்னாடி இல்லைன்னு சொல்ல எனக்குத் தைரியம் ஏது?"

சாவதற்குத் தயாரான மனிதர், என்னிடம் திட்டு வாங்கத் தயாராக இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திட்டினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்காகவெல்லாம் குரலைக் குறைக்கவில்லை.

அடுத்த நாளே அத்தனை மாத்திரையையும் பையோடு டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். அவர் பையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"இத்தனை நாளா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அம்மா, இவ்வளவு நேரம் நீடிச்ச வலிப்புக்கு இருக்கற காரணங்கள்லயே இதுதான் தேவலாம். கட்டி, பக்கவாதம்னு இருந்திருந்தா நானும் கவலைப்பட்டிருப்பேன். தேதி போட்டெல்லாம் யாருக்கும் எழுதித் தர முடியாது. ஆனா மாத்திரை வயித்துக்குள்ள போனா, நெறைய வருஷம் எதிர்பார்க்கலாம். கை நடுங்காத மாத்திரையும் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா அதுக்கு மாத்திடறேன்."

பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஐயா, இனிமே ஒழுங்கா போடுவீங்களா?"

பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தேன். இவர் பழக்க தோஷத்தில் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். நான் திரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போடறேன் டாக்டர்," என்றார் கடைசியில். "கை நடுங்கினா உங்ககிட்ட வந்து சொல்றேன். சோபாகிட்ட இல்ல."

வெளியே வந்ததும், நான் சொல்லாமலேயே ஃபோனை எடுத்துத் தியேட்டர்காரரைக் கூப்பிட்டார். "சீட்டு வேலையை வேற யாருக்கும் குடுத்துடலையே? ரெண்டு வருஷம் ஆகுங்க. ஆமா, ஆமா, நானேதான் முடிச்சுக் குடுப்பேன்."

நான் தெருவென்றும் பார்க்காமல் அழுதேன்.