ஸ்பானரின் வலி நோட்டு

லிண்ட்சே பிரிட்சர்டின் ஊரில் யாரும் வலிக்கிறது என்று சொல்லிக்கொள்வதில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "மோசமில்ல" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்தது. மூன்று வருடம் முன்பு டிராக்டர் காலில் ஏறி எலும்பு இரண்டாக முறிந்தபோதும் லிண்ட்சே அதையேதான் சொன்னார். ஆம்புலன்ஸ்காரர்களும் உள்ளூர்க்காரர்கள். புரிந்துகொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே வண்டியை விட்டார்கள்.

கால்நடை மருத்துவர் பிரியோனி உள்ளூர்க்காரி அல்ல. சிட்னியிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதுதான் வினையாகப் போயிற்று.

விஷயம் ஸ்பானரைப் பற்றியது. பன்னிரண்டு வருடம் லிண்ட்சேயின் ஆடுகளை மேய்த்து, இப்போது வராந்தாவில் ஓய்வெடுக்கும் பதினாலு வயதுப் பெட்டை நாய். முதுகெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றாள் பிரியோனி. தினம் ஒரு மாத்திரை கொடுத்தாள். கூடவே ஒரு நோட்டும் கொடுத்து, அன்றாடம் வலிக்கு மதிப்பெண் போடச் சொன்னாள். சுத்தமாக வலி இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து.

மாத்திரையை உள்ளே தள்ளுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாலாடைக்கட்டியில் வைத்தார்கள். கட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை நக்கித் துடைத்து லிண்ட்சேயின் பூட்ஸ் மேல் வைத்தது. சாசேஜில் வைத்தார்கள், அதே பூட்ஸ், அதே மரியாதை. கடைசியில் அவர் மனைவி ராய்லீன்தான் கண்டுபிடித்தார்: கொடுத்தால் சோதிக்கும் நாய், திருடினால் சோதிக்காது. அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்கு ராய்லீன் தட்டின் ஓரத்தில் மாத்திரை செருகிய ஆட்டுக்கறித் துண்டை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். கறி காணாமல் போனதும், "திருட்டு நாயே, வெக்கமில்ல உனக்கு? நாப்பது வருஷமா உன் குடும்பத்துக்கு ஆக்கிப் போடறேன்!" என்று கத்துவார். வரவர நடிப்பு நன்றாகவே கூடிவந்தது. திட்டெல்லாம் லிண்ட்சேக்குத்தான் என்று நினைத்த தபால்காரி மட்டும் அவரை ஒருமாதிரி பார்க்கத் தொடங்கினாள்.

நோட்டில்தான் கோளாறு. லிண்ட்சே பதினாலு நாளும் "மோசமில்லை, 1" என்றே எழுதினார். உண்மை வேறு. விடிந்ததும் ஸ்பானர் எழுந்திருக்க மூன்று தடவை முயலும். மூன்றாவது தடவை ஈனஸ்வரத்தில் ஒரு முனகல் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடாதென்றே லிண்ட்சே ரேடியோவைச் சத்தமாக வைப்பார். வேலைக்காகாத நாயை அவர் அப்பா கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போவார். துப்பாக்கியோடு தனியாகத் திரும்பி வருவார். நாய்க்கு வலிக்கிறது என்று சொன்னால் கதை முடிந்தது என்பதுதான் லிண்ட்சேக்குத் தெரிந்த நியாயம். பிரியோனியிடம் துப்பாக்கி இல்லை, ஊசி இருக்கிறது. அவருக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினைந்தாம் நாள் மூவரும் கிளினிக்குக்குப் போனார்கள். வாசலிலேயே ராய்லீன் சொல்லிவிட்டார்: "நான் வாயத் தொறக்க மாட்டேன். உன் நாய், உன் வாய்."

உள்ளே ஒரு கூடையில் பூனை இருந்தது. அதைப் பார்த்ததுதான் தாமதம், ஸ்பானர் வாலைத் தூக்கிக்கொண்டு சிப்பாய் மாதிரி நடந்தது. பாவி நாய், அதுவும் அந்த ஊர்தானே! பிரியோனிக்கு ஒரே சந்தோஷம். நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். இவ்வளவு நன்றாக இருந்தால் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிடலாம், சிறுநீரகத்துக்கும் நல்லது என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

லிண்ட்சே ராய்லீனைப் பார்த்தார். ராய்லீன் பூனையைப் பார்த்தார்.

"டாக்டர்," என்றார் லிண்ட்சே. தொண்டையைச் செருமினார். "காலைல எந்திரிக்கறப்போ அழறா."

பேனா நின்றது.

அப்புறம் மடை திறந்தது. சனிக்கிழமை ஏழு, ஞாயிறு எட்டு, மழை பெய்த புதன்கிழமை ஒன்பது என்று பதினாலு நாள் கணக்கையும் நோட்டைப் பார்க்காமலே ஒப்பித்தார். ஒன்றுகூட மறக்கவில்லை.

"பின்ன ஏன் ஒன்னுன்னு எழுதினீங்க, லிண்ட்சே?"

"எட்டுன்னு எழுதினா ஊசிய எடுத்துருவீங்கன்னுதான்."

பிரியோனி சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஸ்பானரின் முதுகைத் தடவினாள். "எட்டுன்னு எழுதியிருந்தா அடுத்த மருந்த எடுத்திருப்பேன். நரம்பு வலிக்குன்னு தனியா இருக்கு. அதுக்குத்தான் நோட்டே குடுத்தேன்."

பழைய மாத்திரையோடு புதியதும் சேர்ந்தது, அதுவும் காலை, மாலை இரண்டு வேளை. மாலைக் காட்சிக்குத் தனிச் சம்பளம் வேண்டும் என்றார் ராய்லீன்.

ஆறாம் நாள் காலை லிண்ட்சே அடுப்படியில் நின்றார். ரேடியோவைப் போடவில்லை. இனிமேல் கேட்டுத்தான் எழுத வேண்டும். முனகலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். படுக்கை காலியாக இருந்தது. ஸ்பானர் எப்போதோ எழுந்துபோய், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ராய்லீனின் கோழிகள் ஆறையும் ஒரு மூலைக்கு ஓட்டிச் சேர்த்து, அதிகாரமாகக் காவல் நின்றது.

லிண்ட்சே படியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

ராய்லீன் பதறிப்போய் வெளியே வந்தார். "என்ன ஆச்சு? அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா, ராய்லீன்," என்றார் அவர். "ரொம்ப நல்லா இருக்கா."

அறுபத்தெட்டு வயதில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை. ராய்லீன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கோழிகளை யாரும் விடுவிக்கவில்லை.