சாது என்று எழுதியவர்

சுறாத் தொட்டியைச் சுத்தம்செய்ய மகள் முதன்முதலாக இறங்கிய அன்று பெயிண்டருக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை.

அந்த மீன்காட்சியகத்தின் பலகைகளெல்லாம் அவர் கைவண்ணம்தான். சுறாவின் பெயர், அதற்கடியில் ஒரே ஒரு சொல். அதற்கு மேல் எழுதினால் எவனும் படிக்கமாட்டான் என்பது மேனேஜரின் கட்சி. அந்த ஒரு சொல்லுக்காகப் பெயிண்டர் புத்தகம் எதையும் புரட்டவில்லை. முகத்தைப் பார்த்தே எடைபோட்டார். பல்லைக் கோணல்மாணலாக நீட்டிக்கொண்டு திரிந்த மணற்புலிச் சுறாவுக்குக் 'கொடியது'. தரையில் மூட்டைபோலக் கிடந்த செவிலிச் சுறாவுக்குச் 'சாது'.

அன்று எழுத்துக்கு மெருகேற்றும் சாக்கில் தூரிகையும் வெள்ளைப் பெயிண்டுமாகக் கண்ணாடி முன்னால் நின்றார். உள்ளே மகள் முக்குளிப்பு உடையில் தொட்டியின் தரையில் நின்று பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தீனி போடுகிறவர் வாளியோடு வந்தார். "என்ன பெயிண்டரே, வேலையா, காவலா?"

"ரெண்டும்தான். அந்தப் பல்லழகன் என் பொண்ணையே சுத்திச்சுத்தி வர்றானே!"

"அவன் மூஞ்சிதான் அப்படி. வம்புதும்புக்குப் போகமாட்டான். தரையில கிடக்குது பாருங்க, அதுகிட்டதான் சூதானமா இருக்கணும்."

"அது சாதுங்க!"

"யார் சொன்னா?"

பெயிண்டர் பலகையைக் காட்டினார். காட்டிய பிறகுதான், அதை எழுதிய மேதாவி யாரென்று உறைத்தது.

"சாதுதான், மிதிக்காத வரைக்கும். மிதிச்சா கவ்வும். கவ்வினா லேசுல விடாது" என்று சொல்லிவிட்டு அவர் வாளியோடு நடையைக் கட்டினார்.

உள்ளே மணற்புலி மகளின் பக்கம் திரும்பியது. அப்பாவின் எழுத்தை வேதமாக நம்புகிற பிள்ளை. கொடியதைவிட்டு விலகி, சாதுவை நோக்கி அடிமேல் அடியாகப் பின்வாங்கினாள்.

பெயிண்டர் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். கீழே கீழே என்று விரலால் குத்திக் காட்டினார். அப்பா கூத்தடிக்கிறார் என்று நினைத்தவள் தலையை ஆட்டிவிட்டு இன்னும் ஒரு எட்டு வைத்தாள்.

கடைக் கண்ணாடிகளில் உள்ளே நின்று, தெருவுக்கு நேராகத் தெரிகிறபடி திருப்பி எழுதிப் பழகிய கை அது. தூரிகையைத் தோய்த்து, வலமிருந்து இடமாகக் கண்ணாடியிலேயே இழுத்தார்: கீழே பார். பின்னால் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் இது எந்த ஊர் பாஷை என்று விழித்தார்கள்.

மகள் படித்தாள். குனிந்தாள். குதிகாலுக்குக் கீழே வால். காலை மடக்கிக்கொண்டு மெல்ல மேலே எழும்பினாள். செவிலிச் சுறா அசையவே இல்லை. பெயிண்டர் அதன் பலகையைக் கழற்றிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஈரத்தலையோடு வந்தவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "மிதிக்கக்கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்கதான். நீ சாதுன்னு எழுதியிருந்தியா, அசால்ட்டா விட்டுட்டேன்."

"நான் என்னத்தக் கண்டேன்? பாக்க உங்க மாமா மாதிரி இருந்துச்சு, எழுதிட்டேன்."

"தூங்குற மாமாவையும் மிதிச்சுப் பாரு, தெரியும்!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "நாளைக்கும் இறங்கணுமா?"

"தினமும்பா."

'சாது'வைச் சுரண்டி எடுத்தார். "உள்ள போறவ நீ. நீயே சொல்லு, என்ன எழுத?"

யோசித்தாள். "'தூங்கட்டும்'னு எழுது."

எழுதினார். பிறகு எழுந்துபோய் மணற்புலியின் பலகையையும் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, இவனுக்கு?"