ஒரே மூடியின் இரண்டு படங்கள்

ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் டேட்டா சென்டருக்கு வெளியிலிருந்து இரண்டு கேபிள்கள் வர வேண்டும். தனித்தனிப் பாதையில், குறைந்தது இருபது மீட்டர் தள்ளி. ஒரு பக்கத்தை எவனாவது தோண்டி அறுத்துவிட்டாலும் மறுபக்கம் வேலை செய்யும். விதிமுறைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. பதினாறு வருடமாக அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்றவள் நான்.

அங்கே கேபிள் போட்ட கான்ட்ராக்டர் என் கூடப்பிறந்த தம்பி. அவன் வேலையை நான் சோதிக்கவே கூடாது. வேறு ஆள் இல்லை என்றார் மேனேஜர், நானும் தலையாட்டிவிட்டேன். உள்ளே கட்டடத்தின் இரு கோடியிலும் நுழைவு அறைகள், லேபிள்கள், பூட்டுகள் எல்லாம் கச்சிதம். வெளியே சாலையோரம், கேபிளுக்கு ஒன்றாக இரண்டு மேன்ஹோல்களின் மூடியைத் திறந்து பார்ப்பது மட்டும் பாக்கி. கொட்டு கொட்டென்று மழை.

"நீ ஏன்க்கா நனையிற? நான் போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றான்.

இரண்டு படங்கள் வந்தன. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மாதம் கழித்து, சாலையில் குழாய் பதிக்க வந்த இயந்திரம் ஒரே குழியில் இரண்டு கேபிளையும் அறுத்தது. ஆம்புலன்ஸ் எண் நாற்பது நிமிடம் வேலை செய்யவில்லை. அதற்குள் ஒரு பெண் வீட்டிலேயே மூச்சுத்திணறிச் செத்துப்போனாள்.

அன்றைக்குத்தான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மூடி, ஒரே மூலையில் அதே உடைசல். வலப்பக்கமிருந்து ஒரு படம், இடப்பக்கமிருந்து ஒரு படம்.

விசாரணைக்கு முந்தைய நாள் தம்பி வீட்டுக்கு வந்தான்.

"அந்தப் பக்கம் பூரா பாறைக்கா. தேதி வேற நெருங்கிடுச்சு. ரெண்டையும் ஒரே குழாய்ல விட்டுட்டேன். நேர்ல போய்ப் பாத்தேன்னு மட்டும் சொல்லு, பழியை ரோட்டைத் தோண்டினவன் மேல தள்ளிடலாம். இல்லேன்னா என்னை உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா."

"செத்தவளுக்குப் பிள்ளை இல்லையாடா?"

அறையலாம் போலிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

மறுநாள் அதிகாரி கேட்டார்: "நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

தம்பி என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார். தம்பி அனுப்பின போட்டோவைத்தான் பாத்தேன். ரெண்டும் ஒரே மூடி."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அதிகாரி எழுதிக்கொண்டார். தம்பியையே காட்டிக்கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு பெருமிதம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

செத்த பெண்ணின் கணவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெதுவாக என்னைக் கேட்டார்.

"அந்த மூடியைப் போய்ப் பாக்க எவ்வளவு நேரம்மா ஆயிருக்கும்?"

"பத்து நிமிஷம்."

"போன் போட்டுக்கிட்டே இருந்தேன்மா. லைனே கிடைக்கல. 'எடுத்தாங்களா, எடுத்தாங்களா'ன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. எடுத்துட்டாங்க, கிளம்பிட்டாங்கன்னு பொய் சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா."