பன்னிரண்டாவது பெல்ட்

எங்கள் வீதியில், மரம் தேய்க்கிற மெஷினில் மாட்டும் உப்புத்தாள் பெல்ட் ஒன்று இறந்துபோனால் அந்த மரப்பட்டறையை மூன்று நாள் திறக்கக் கூடாது. பெல்ட்டைச் சுருட்டி, வெள்ளைத் துணியில் கட்டி, எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் புதைக்க வேண்டும். வட்ட டிஸ்க் இறந்தால் ஒன்றரை நாள் போதும். கையால் தேய்க்கும் தாளுக்கு எதுவும் கிடையாது. அதை யாரும் உறவாக நினைப்பதில்லை.

ஓர் ஆயுத பூஜைக்கும் அடுத்த ஆயுத பூஜைக்கும் நடுவில் ஒரே பட்டறையில் பன்னிரண்டு பெல்ட் இறந்தால், அந்தப் பட்டறைக்கு மரம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். பட்டறைக்காரர் சங்கம் வேறு தொழில் கொடுத்துவிடும். போன வருஷம் எதிர்ப் பட்டறைக் கிட்டுச்சாமிக்குப் பலூன் கொடுத்தார்கள். முப்பது வருஷம் நிலைக்கதவு செய்த மனுஷன். இப்போதும் ஒவ்வொரு பலூனையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்கிறார். மட்டத்துக்கு வராத பலூனை வாசலிலேயே உடைத்துப்போடுவார். அதனால் அவரிடம் வாங்கியவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

என் பட்டறையில் இந்த வருஷம் பதினொன்று போய்விட்டது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பெட்டி மரத்தால் வந்தது. வெளிநாட்டு இயந்திரங்களை அடைத்து வருகிற பைன் பெட்டிகளைப் பிரித்து அலமாரி செய்து தரச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டேன். அந்த மரத்தில் பிசின் அதிகம். நாள் முழுக்க அதைத் தேய்த்த பெல்ட் சாயங்காலம் பளபளவென்று ஆகி, மரத்தின் மேல் சும்மா வழுக்கிக்கொண்டு ஓடும். அப்புறம் மரம் கருகும். மரம் தேயாமல் கருகினால் பெல்ட் இறந்துவிட்டது என்பது எங்கள் வீதியில் எல்லாருக்கும் தெரியும்.

பதினொன்றாவதைப் புதைத்த மறுநாளே சங்கம் எனக்குப் பஞ்சுமிட்டாய் மெஷினை அனுப்பிவிட்டது. முன்யோசனை உள்ள சங்கம். இறக்கிவைத்தவர் "ஒண்ணும் அவசரமில்லீங்க அம்மணி, சும்மா பாத்துப் பழகிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் பெயர் துளசிமணி. இருபத்தாறு வருஷமாக மரத்தூளைச் சுவாசித்தே உடம்பை வளர்த்தவள். மீதிக் காலத்தைச் சர்க்கரை நூலில் கழிக்க வேண்டும் என்ற நினைப்பில் இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஆயுத பூஜை வரைக்கும் இந்தப் பன்னிரண்டாவது பெல்ட் தாக்குப்பிடித்தால் போதும், புது வருஷம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

பூஜைக்கு நான்கு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மெஷின் ஓட்டுகிற குப்புராஜ் வாசலுக்கு வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தான்.

"அக்கா, போயிருச்சுங்க."

"என்னடா போயிருச்சு?"

"பன்னெண்டாவது."

நான் லாரியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் ஒரு முழ நீளத்துக்குக் கருப்பு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அதை நான் மறைத்ததும் இல்லை.

"சாவு எழுதற பதிவாளருக்கு இன்னும் சொல்லலையே?" என்றேன்.

"சொல்லிப்போட்டேனுங்க. பதினோரு மணிக்கு வர்றாராம்."

குப்புராஜ் எந்த வேலையையும் தள்ளிப்போடாதவன். அதற்காகத்தான் அவனை வேலைக்கு வைத்தேன். அன்றைக்கு அதற்காகவே அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் குற்றம் அவன் மேல் இல்லை. நான் பெல்ட்டைப் பார்த்துத் திரும்பினேன்.

"உனக்கு நாலு நாள் பொறுக்க முடியலையா? மெஷினுக்கு எண்ணெய் போட்டு, உன்னை வெயில் படாம, மழை படாம, பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேனே. செருப்பு பிஞ்சிரும், சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள் நான். எங்கள் வீதியில் யாரும் செருப்போடு மெஷின் பக்கம் வருவதில்லை. பொட்டு வைத்துக் கும்பிடுகிற பொருள் அது. அன்றைக்கு அவசரத்தில் நான் செருப்போடு வந்திருந்தேன். குதிகால் வலிக்காக வாங்கிய, இரண்டு விரல் தடிமனுள்ள ரப்பர் செருப்பு. வலது காலிலிருந்து கழற்றி, ஓடுகிற பெல்ட்டின் மேல் ஓர் அடி வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

செருப்பின் அடிப்பாகம் பெல்ட்டைக் கவ்வியது. தேன் நிறத்தில் சின்னச் சின்னப் பிசின் உருண்டைகள் உதிர்ந்தன. பிறகு கருப்பு உருண்டைகள். நான் திட்டத் திட்ட அவை உதிர்ந்துகொண்டே இருந்தன. பெல்ட்டின் ஓரத்தில் செங்கல் நிறம் தெரிந்தது. அது புதுசாகக் கடையிலிருந்து வந்தபோது இருந்த நிறம். நான் திட்டுவதை நிறுத்திவிட்டுச் செருப்பை மெதுவாக நடுவுக்கு நகர்த்தினேன். அழுத்தவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன். அதுவே போதுமாக இருந்தது.

"அக்கா, மூச்சு விடுதுங்க" என்றான் குப்புராஜ், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

பதினோரு மணிக்குப் பதிவாளர் வடமலை வந்தார். பெல்ட், டிஸ்க் இரண்டுக்கும் மரணப் பதிவு அவர்தான். கக்கத்தில் பதிவேடு, கையில் முத்திரை. பின்னால் வீதிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். கிட்டுச்சாமி ஒரு வெள்ளைப் பலூன் கொண்டுவந்திருந்தார். மட்டம் பார்த்த பலூன்.

வடமலை முதலில் பதிவேட்டைத் திறந்து பன்னிரண்டு என்று எண் போட்டார். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தி என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, செருப்பால அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"எத்தனை அடி?"

"ஒண்ணுதான். ஆனா நீளமான அடி."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். செத்ததைச் செருப்பால் அடித்தால் குற்றம். பட்டறையை அன்றே பூட்டலாம். உயிரோடு இருப்பதை அடித்தால் அது குடும்ப விஷயம், சங்கம் தலையிடாது. ஆக, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றார்.

"பாருங்க" என்றேன். மெஷினை விட்டு ஓர் அடி விலகி நின்றேன்.

சோதனையைப் பதிவாளர்தான் செய்ய வேண்டும், அவர் கையில் இருக்கும் மரத்தால்தான் செய்ய வேண்டும். மரம் தேய்ந்தால் உயிர், கருகினால் மரணம். வடமலை கையில் இருந்த ஒரே மரம் முத்திரையின் கைப்பிடி. ஈட்டி மரம், ஒரு சாண் நீளம். 'காலமானது' என்று எத்தனையோ பெல்ட்டுக்குக் குத்திய முத்திரை. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியைப் பெல்ட்டின் மேல் வைத்தார்.

குப்புராஜ் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஆறு எண்ணுவதற்குள் கைப்பிடி முழுவதும் தூளாகிப் போனது. கருகல் வாசனை துளியும் இல்லை. பதிவாளர் விரல்களுக்கு நடுவில் பித்தளைத் தகடு மட்டும் இருந்தது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உயிர் இருக்குதுங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன். அந்த ஈட்டித் தூளை ஒரு கை அள்ளி முகர்ந்தேன். அப்படியொரு வாசனை. இரண்டு வாரத்துக்கு அப்புறம் எனக்கு அப்போதுதான் பசித்தது. குப்புராஜை அனுப்பி எட்டு இட்லி வாங்கிவரச் சொல்லி, மெஷின் பக்கத்தில் நின்றபடியே தின்றேன். மாலை கொண்டுவந்தவர்கள் அதைப் பெல்ட்டுக்குப் போடுவதா எனக்குப் போடுவதா என்று யோசித்து, கடைசியில் எனக்குப் போட்டார்கள்.

ஆறாவது இட்லியில்தான் எனக்கு அது உறைத்தது. அப்படியென்றால் மற்ற பதினொன்றும்?

சாப்பாட்டுத் தட்டோடு எடைமேடைக்குப் பின்னால் ஓடினேன். வீதியே பின்னால் வந்தது. வடமலையிடம் எது எங்கே கிடக்கிறது என்ற வரைபடம் இருந்தது. தோண்டினோம். வெள்ளைத் துணியைப் பிரித்து, நிழலில் கொடி கட்டி ஈரம் போகக் காயவைத்தோம். மறுநாள் ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டி ரப்பர் செருப்பு வைத்தேன். நடுவில் குப்புராஜ் அவசரப்பட்டு ஒன்றைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டப்போனான். மணல் உதிர்ந்துவிடும் என்று கையிலேயே ஒன்று போட்டேன். பதினொன்றில் ஒன்பது எழுந்துவந்தன. ஒன்றுக்கு ஒட்டு பிரிந்திருந்தது. இன்னொன்றில் மணலே இல்லை, வெறும் துணி. அந்த இரண்டையும் மறுபடி மரியாதையாகப் புதைத்தோம். அவை வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருந்தன.

கிட்டுச்சாமியின் பன்னிரண்டில் பத்து எழுந்துவந்தன. பத்தையும் இரண்டு கையிலும் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு வீதி நடுவில் நின்று அழுதார். நானும் அழுதேன். அவர் பட்டறையைப் பூட்டியது தப்பு என்று வடமலை அங்கேயே எழுதிக் கொடுத்தார். முத்திரை இல்லாததால் கட்டைவிரல் ரேகை வைத்தார். கிட்டுச்சாமி மீதிப் பலூன்களை அவிழ்த்து விட்டுவிட்டு, மத்தியானமே ஒரு வேப்பங்கதவை மெஷினில் ஏற்றினார். பஞ்சுமிட்டாய் மெஷினைச் சங்கம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் வீதியில் யார் காலிலும் செருப்பு இல்லை. எல்லாச் செருப்பும் மெஷினில் இருந்தது. நூற்று நாற்பது பெல்ட்டும் அறுபத்திரண்டு டிஸ்க்கும் எழுந்துவந்தன. டிஸ்க்குக்குச் செருப்பை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். வெறுங்காலோடு நடந்தால் குதிகால் வலிக்கும் என்பார்கள். எனக்கு வலிக்கவில்லை.

சனிக்கிழமை ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெஷின் மேல் ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பை வைத்து அதற்கும் பொட்டு வைத்தோம். பூஜைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வடமலை பதிவேட்டோடு வந்தார்.

"பூஜைக்கு முந்தி இதை மூடோணுமுங்க அம்மணி. பன்னெண்டுன்னு நம்பர் போட்டுப்போட்டேன். நம்பர் போட்டா காலியா விடக் கூடாது, அடிச்சு அழிக்கவும் கூடாது."

"அப்ப யார் பேரை எழுதறது?"

"எழுதிட்டேனுங்க. நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே 'வடமலை, வயது ஐம்பத்தேழு' என்று அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது. எழுத்து சுத்தமாக இருந்தது. பெல்ட் கணக்கில் இது சேராது, உங்கள் பட்டறைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றார். வெள்ளைத் துணியும் அவரே கொண்டுவந்திருந்தார்.

நான் பேனாவை வாங்கினேன். ஆனால் இந்த வாரத்தில் நான் பட்டது பட்டதுதான். பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"சட்டையைக் கழட்டுங்க" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, பதிவேட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். மெஷின் மேல் இருந்த என் செருப்பைக் கையில் எடுத்தேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், அழுத்தாமல், ஒரே சீராக இழுத்தேன். நீல நிறத்தில் உருண்டைகள் உதிர்ந்தன. பிறகு அரக்கு நிறத்தில். கார்பன் தாள் துணுக்குகள், பசை, பழைய ரப்பர் முத்திரை மை. ஒரு முறம் நிறைய வந்தது. குப்புராஜ் அதைக் கூட்டி அள்ளினான். அடியில் பதிவாளரின் முதுகு செங்கல் நிறத்தில் இருந்தது.

குப்புராஜ் ஒரு தேக்குப் பலகையை நீட்டினான். வடமலை வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்து ஒரு தரம் தள்ளினார். மெல்லிய தூள் எழுந்தது. நான் விரலால் தடவிப் பார்த்தேன். கரகரப்பான எண்பது நம்பர் தாள் போட்டது போல வந்திருந்தது. கருகல் இல்லை.

பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கிட்டுச்சாமி கடைசித் தேய்ப்புக்காக என் சுவரில் சாய்த்திருந்த வேப்பங்கதவைக் காட்டினேன். அதற்கு இன்னும் நயமான தாள் வேண்டும் என்றேன். வடமலை கதவின் மேல் இடது கையைப் போட்டார்.