படத்தில் இல்லாத எலி

“கிளட்ச்ச மெதுவா விடுடி. கொசுவா நசுக்கற?” என்றார் சித்தி.

வண்டி ஒரு குலுக்கலோடு அலுவலக வாசலைத் தாண்டிச் சாலையில் ஏறியது. சித்தி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். அந்த வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. வாரத்தில் சில மாலைகள் அக்கா மகளை அலுவலகத்திலிருந்து கூட்டிக்கொண்டு, வீடுவரை அவளையே ஓட்டவைப்பார். இந்த வாரம் வேண்டாம் என்று அவள் சொல்லிப்பார்த்தாள். சித்தியின் இடது மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று உறுதியாகிவிட்டது. வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. “அதுக்காக வீட்ல உக்காந்து ஃபேன் சுத்தறதப் பாக்கணுமா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

வழக்கமாகச் சித்தி கண்ணாடியைப் பார், இண்டிகேட்டர் போடு என்பதற்கு மேல் பேசமாட்டார். இன்று காய்கறி விலை, எதிர்வீட்டு நாய், புதிதாகச் சேர்ந்த மாணவர் என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தார்.

“வியாழக்கிழமை கிடையாது. தள்ளி வெச்சாச்சு.”

“எத?”

“ஆபரேஷனத்தான். ஆஸ்பத்திரிக்குக் காலைல ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன். உங்கம்மாகிட்ட உளறிடாத, ஊரக் கூட்டிடுவா.”

முன்னால் போன பேருந்து நின்றது. அவள் கால் அசையவில்லை. சித்திதான் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

“கண்ணு ரோட்டுல. வாய் என்கிட்ட.”

ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். “ஏன் சித்தி?” என்றாள்.

“மருந்து வருதாம். வெட்டாமலே கட்டியக் கரைச்சிடுமாம். எங்க அபார்ட்மெண்ட் குரூப்ல போட்டிருந்தாங்க. வெட்டிப் பேச்சு இல்ல, ஆராய்ச்சி. கொஞ்சம் பொறுத்தா உடம்பு முழுசா தப்பிக்கும்ல?” சித்தி தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கி, அதில் செருகியிருந்த தாளை எடுத்து விரித்தார்.

விரிவதற்கு முன்பே அந்த நிறம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று வட்டங்கள், இடையில் அம்புகள். முதல் வட்டத்தில் கரடுமுரடான அடர்சிவப்புக் கட்டி. இரண்டாவதில் அது பாதியாகியிருந்தது. மூன்றாவதில் வெளிர்ரோஜா நிறத்தில் அமைதியான செல்கள் மட்டும். அந்த ரோஜாவுக்காக அவள் ஒரு பகல் முழுவதும் மெனக்கெட்டிருந்தாள்.

புற்றுநோய் ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிடும் ஓர் இணைய இதழில் அவளுக்கு வேலை. காசு கட்டாமல் யாரும் படிக்கலாம், படங்களை எடுத்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கட்டுரையின் முகப்பிலும் அதன் சாரத்தைச் சொல்லும் ஒரு படம் வரும். அதை வரைவது அவள். வீட்டில் கேட்டால் “கம்ப்யூட்டர் வேலை” என்று நிறுத்திக்கொள்வாள். தன் படம் எங்கோ ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளுக்குள் இருந்தது.

ஆய்வாளர்கள் மாதிரிக்கு அனுப்பிய கிறுக்கல் படத்தில் இடது ஓரம் ஒரு எலி இருந்தது. வால் நீளம், அது அம்பின்மேல் ஏறிக்கொண்டே இருந்தது. சுருட்டிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள். “கண்ணு தங்கறதுக்கு இடம் விடும்மா” என்றார் தலைமை வடிவமைப்பாளர். எலியை எடுத்துவிட்டு, ‘எலி’ என்ற சொல்லைப் படத்துக்குக் கீழே வரும் சின்ன எழுத்துக் குறிப்பில் போட்டாள். படம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆய்வாளர்கள் உடனே சம்மதித்தார்கள். அவர்கள் ஆய்வகத்தில் எல்லாமே எலிதான். அது இல்லாதது அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

சித்தியின் தாளில் அந்தக் குறிப்பு இல்லை. யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

“சித்தி... அது எலி.”

“எங்க?” சித்தி சட்டென்று கால்களை இருக்கைமேல் தூக்கிக்கொண்டார்.

“வண்டில இல்ல. படத்துல. அது எலியோட கட்டி. மனுஷங்களுக்குக் கொடுத்துப் பாக்கவே இல்ல இன்னும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நாந்தான் போட்டேன், இந்தப் படத்த. எலி இருந்துச்சு. நாந்தான் எடுத்தேன்.”

சித்தி கால்களை இறக்கினார். தாளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு தள்ளிப்பிடித்துப் பார்த்தார்.

“நீயா? கம்ப்யூட்டர் வேலைன்ன?”

“இதான்.”

“இவ்ளோ அழகா ஏண்டி போட்ட?”

திட்டியிருந்தால் அழுதிருப்பாள். பின்னால் ஒரு லாரி வந்து நின்று உறுமியது.

“எலிக்கு மருந்து கேட்டா எனக்குக் கேக்காதா?” என்றார் சித்தி.

“கேக்கலாம். கேக்காமயும் போகலாம். தெரியறதுக்கே வருஷக்கணக்கு ஆகும். உங்க கட்டி அதுவரைக்கும் சும்மா இருக்காது சித்தி.”

ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சித்தி எதையோ கேட்டார். சத்தத்தில் உதடுகள் மட்டும் அசைந்தன. கடைசிப் பெட்டி போனதும் மறுபடி கேட்டார்.

“அந்த எலி பொழச்சுதா?”

அவளுக்குத் தெரியும். கட்டுரையை முழுக்கப் படித்திருந்தாள். சோதனையின் முடிவில் எல்லா எலிகளையும் கொன்றுதான் உள்ளே பார்ப்பார்கள். மருந்து கொடுத்ததையும், கொடுக்காததையும். ஒரு ‘இல்லை’ போதும். சித்தி இன்றே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்துவிடுவார். பொய்யும் இல்லை. சுத்தமான, பளிச்சென்ற ஒரே ஒரு சொல்.

கேட் உயர்ந்தது. லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். அவள் எஞ்சினை முடுக்கினாள்.

“இல்ல சித்தி,” என்றாள். “ஆனா, அது மருந்தால இல்ல.”

சித்தி படத்தின் மூன்றாவது வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை மடிக்கவில்லை. முன்னால் இருந்த வண்டிகள் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தன. முதல் கியரைப் போட்டு, சொல்லிக்கொடுத்தபடியே கிளட்ச்சை மெதுவாக விட்டாள். எஞ்சின் முனகியது. வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டாள். பின்னால் ஹாரன்கள் கூடின.

குனிந்து பார்த்தாள். சித்தியின் கால், செருப்பு வளைய, அந்தப் பக்கத்துப் பிரேக்கை அடிவரை மிதித்திருந்தது.